பெரிய ஜன்னலுக்கு அடியில் 214

இந்த வாரமும் மன்னிப்போடுதான் தொடங்க வேண்டும். இந்தத் தொடரைக் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதி அனுப்புகிறேன். என் கையெழுத்து நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். ல, ள, ழ மூன்றையும் எந்த இடத்தில் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். வார இதழ் அலுவலகத்தில் இதைத் தட்டெழுதும் தங்கை போன வாரம் போன் செய்து, "அண்ணே, மூணாம் பக்கத்துல இருக்கிறது 'கடல்'லா, 'கூடல்'லா?" என்று கேட்டார். 'கடை' என்றேன். நீங்கள் தடுமாறாமல் படித்தால் அந்தப் பெருமை அவருக்கு. தடுமாறினால் அது என்னால்.

இனி, பல வருடங்களுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நண்பகல் தாண்டியிருந்தது. தபால் நிலையத்திலிருந்து வேர்த்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். எங்கள் அலுவலகம் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு நகைக் கடையின் மாடியில் இருந்தது. மரப்படி ஏறும்போதே பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடையிலிருந்து குழம்பு வாசமும் கூட ஏறி வரும்.

முன்னறையில் யாரும் இல்லை. மேசையில் பாதி குடித்த தேநீர். கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எங்கள் பட்டியல் பக்கம் பெரிதாகத் திறந்திருந்தது. எனக்கு வேறொன்று தேவைப்பட்டது. அதனால் அந்தப் பெரிய ஜன்னலைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

அதற்கு அடியில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து கிடந்தது. அதில் மஞ்சள் சேலையில் ஒரு பெண். கீழே எண் 214.

பக்கத்தில் இருந்த பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். யார் வந்தார்கள், எந்த எண்ணின் படத்தைக் காட்டினோம் என்று எழுதும் புத்தகம் அது. அன்று கடைசியாக எழுதியிருந்தது 209. 214 எங்கேயும் இல்லை.

படியில் காலடிச் சத்தம். என்ன காரணமோ, நான் பெரிய ஜன்னலைப் பழைய இடத்துக்கே இழுத்து, 214-ஐ மூடி மறைத்தேன்.

முன்னறையைப் பார்த்துக்கொள்ளும் மாரி உள்ளே வந்தான். வாயில் இன்னும் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்னாண்ணே, பேய பாத்த மாதிரி நிக்கிறீங்க? வெயிலா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். பின்னறைக்குப் போய்விட்டேன்.

ஒரு நேரத்தில் ஒரே உறை

எங்கள் தொழில் கல்யாணத் தகவல் கொடுப்பது. முதலாளி பொன்னம்பலம் ஐயா. யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர்தான்: ஐயா, முன்னறையில் வருகிறவர்களைக் கவனிக்கும் மாரிமுத்து, பின்னறையில் கோப்புகளைப் பார்க்கும் நான்.

பெண்களின் படங்கள் பழுப்பு உறையில் இருக்கும். உறை மேல் எண் மட்டும். பெற்றோர் யாராவது வந்து கேட்டால், ஓர் உறையைத் திறந்து காட்டுவோம். அதை மூடி அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்த உறை மேசைக்கு வரும். ஒரே நேரத்தில் இரண்டு உறை திறந்திருக்கக் கூடாது. இது ஐயாவின் சட்டம்.

அதற்குக் காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன், இரண்டு உறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். மூடும்போது படம் மாறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சுங்கை பாக்காப் ஊர் வரை வேன் பிடித்துப் போய், பழத்தட்டோடு உட்கார்ந்து, காப்பி குடித்து, பெண் வந்து நின்ற பிறகு, "இது படத்துல பாத்த பொண்ணு இல்லையே" என்று சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா தட்டைத் திருப்பிக் கொடுத்த வேகத்தில் ஆரஞ்சுகள் சாலை வரை ஓடினவாம். ஐயா நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தச் சட்டம்.

இரண்டாவது சட்டம் இன்னும் கடுமையானது. வந்தவர் யாரும் இல்லாதபோது வேலைக்காரன் ஒருவன் பெண் படத்தைத் திறந்து பார்த்தால், அன்றே அவனுக்குக் கடைசி நாள்.

இப்போது புரிந்திருக்கும், அந்த மஞ்சள் சேலைப் படம் எனக்கு ஏன் சாதாரணமாகப் படவில்லை என்று.

எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது

அந்தப் பட்டியல் பக்கத்தைக் கணினியில் எழுதியவன் நான்தான். ஆறாம் வகுப்பு படித்தவன் கணினியில் பக்கம் எழுதினானா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். நானே நம்பவில்லை.

அப்போது இன்டர்நெட் என்ற சொல் பினாங்கில் எல்லார் வாயிலும் இருந்தது. ஐயாவுக்கு நாமும் பின்தங்கக் கூடாது என்ற எண்ணம். கொம்தார் கட்டடத்தில் ஒரு கடையில் இரண்டு கணினிகள் வாங்கினார். விற்ற கடைக்காரர் லிம், மாதிரிக்கு ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்து, எங்கே மாற்ற வேண்டும் என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். மாரிக்கு அதில் பொறுமை இல்லை. எனக்குப் பேச்சு வராது, பொறுமை வரும்.

ஆங்கில எழுத்துகள் எனக்குத் தெரியும். சொல்லின் அர்த்தம் பாதிக்கு மேல் தெரியாது. ஆனால் கணினிக்கு எழுதும்போது அது குறையாகத் தெரியவில்லை. ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஓர் அடைப்புக்குறி தவறாமல் பார்த்து எழுதினால் போதும். மனிதர்களிடம் பேசுவதை விட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஐயா கேட்டது ஒன்றுதான். "உறை மாதிரித்தான் இருக்க வேணும், கோவிந்தன். எண்ணை அமத்தினால் படம் சின்னதா வெளியில வர வேணும். அடுத்ததை அமத்தினால் முந்தினது போயிட வேணும். ரெண்டு படம் ஒருமிக்கக் கிடக்கப்படாது."

அப்படியே செய்தேன். பட்டியலில் எண்ணைத் தட்டினால் ஒரு சின்ன ஜன்னல் துள்ளி எழும். அந்தச் சின்ன ஜன்னலுக்கு நான் ஒரு பெயர் வைத்தேன். எந்த எண்ணைத் தட்டினாலும் அதே பெயருள்ள ஜன்னலில்தான் படம் மாறும். ஒரே உறை. உள்ளே படம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். பின்னறைக் கணினியில் நூறு முறை தட்டிப் பார்த்தேன். நூறு முறையும் முன்னால் வந்து நின்றது.

ஐயா என் தோளைத் தட்டினார். என் வாழ்க்கையில் ஒருவர் என் தோளைத் தட்டியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை எதற்கு என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து ஐயாவின் மகன் வந்தார். முன்னறைக் கணினியில் புதிய பிரவுசர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். பிரவுசர் என்றால் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். "இது பழச விட வேகம்" என்றார். திரையில் பிரவுசரின் அடையாளப் படம் மாறியிருந்ததை நானும் பார்த்தேன். வண்டிக்குப் பெயின்ட் மாற்றிய மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பக்கம் என்னுடையதுதானே, யார் திறந்தால் என்ன?

நான் கணக்காகப் பார்த்தேன்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. பேசாத மனிதனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்த்துப் பார்த்து எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ இருக்கிறது என்றே தோன்றும். பாசாரில் மீன்காரர் சிரித்தால் மீனை முகர்ந்து பார்ப்பேன்.

மாரிக்கு முப்பது வயது. நல்ல உயரம். சட்டையை இஸ்திரி போடாமல் போட மாட்டான். போனில் அம்மாக்களிடம் பேசும்போது குரலில் தேன் ஊறும். அவன் சிரிக்கும்போதெல்லாம் இவன் எதை மறைக்கிறான் என்று நான் யோசிப்பேன். அவனுக்கே அப்போது செபராங் ஜெயாவில் ஒரு பெண் பேசி முடிவாகியிருந்தது. கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு 214 எதற்கு?

அடுத்த வாரம் முழுவதும் கவனித்தேன். மாரி கீழே போகும்போது முன்னறைக்குப் போய்ப் பெரிய ஜன்னலை மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை ஒன்றுமில்லை. புதன்கிழமை அடியில் 188. பதிவுப் புத்தகத்தில் 188 இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் 214.

அதுதான் என்னை முடிவுக்குத் தள்ளியது. அதே பெண், இரண்டாம் தடவை.

அவனிடமே கேட்டிருக்கலாம். "என்ன மாரி, இது எதுக்கு?" என்று நாலு சொல். அந்த நாலு சொல் எனக்கு வரவில்லை. மாறாக ஐயாவின் அறைக் கதவைத் தட்டினேன். அங்கே எப்படியோ நாற்பது சொல் வந்தது.

வெள்ளிக்கிழமை

ஐயா முன்னறைக்கு வந்தார். பெரிய ஜன்னலை இழுக்கும்படி என்னிடம் சொன்னார். இழுத்தேன். மஞ்சள் சேலை.

"மாரிமுத்து, இஞ்ச வாரும். இதை ஆர் திறந்தது?"

மாரி குனிந்து பார்த்தான். "இது எப்படி இங்க? நான் திறக்கலங்கையா."

"இந்தக் கதிரையில குந்தி இருந்தது நீர்தானே?"

"ஆமாங்கையா. காலையில ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டு மூணு நம்பர் கேட்டாங்க. ஒண்ணு வந்துச்சு, மத்தது வரவே இல்ல. இது இப்ப அடிக்கடி இப்படித்தான் பண்ணுது. வரலன்னா நான் என்னா செய்ய? காட்டாதத எப்படிங்கையா புத்தகத்துல எழுதறது?"

"வரேல்லையெண்டா இது என்ன?"

மாரி திரையையே பார்த்தான். குழம்பிய முகமும் குற்றமுள்ள முகமும் எனக்கு அப்போது ஒன்றாகத்தான் தெரிந்தன.

"கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்ங்கையா" என்றான் கடைசியில்.

ஐயா என்னைப் பார்த்தார். "கோவிந்தன், உம்மட வேலையில கோளாறு இருக்கோ?"

"இல்லைங்கையா" என்றேன். "நூறு தடவ தட்டிப் பாத்தேன்."

மாரி என் பக்கம் திரும்பினான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அண்ணே, நீங்களா ஐயாகிட்ட சொன்னீங்க? எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றான், அவ்வளவுதான்.

"எங்களை நம்பித்தான் ஆக்கள் பொம்பிளைப் பிள்ளையளின்ர படத்தைத் தாறது" என்றார் ஐயா. குரலை உயர்த்தவே இல்லை. "நாளையில இருந்து நீர் வர வேண்டாம்."

மாரி மேசையைத் துடைத்து, பேனாக்களைப் பெட்டியில் வைத்து, தேநீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். திருடன் குவளை கழுவிவிட்டுப் போவானா என்று நினைத்தேன். இல்லை, இதுவும் நடிப்பு என்று அடுத்த நிமிடமே நினைத்தேன்.

அதோடு முடியவில்லை. மாரிக்குப் பெண் கொடுக்க இருந்தவர் சுப்பையா, துறைமுகத்தில் வேலை செய்தவர். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டு ஐயாவுக்கே போன் போட்டிருக்கிறார். பையன் வேலை செய்யும் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று எல்லாக் குடும்பத்துக்கும் நாங்களே சொல்லி அனுப்புவோம். விசாரித்தவரிடம் பொய் சொல்வது ஐயாவுக்குத் தெரியாது. காரணத்தைச் சொல்லிவிட்டார்.

சுப்பையா கல்யாணத்தை நிறுத்தி வைத்தார்.

என் விரல்

மாரி போன பிறகு முன்னறை வேலையும் என் தலையில் விழுந்தது. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

பத்து நாள் இருக்கும். ஒரு தாயும் மகனும் வந்தார்கள். 176 கேட்டார்கள். தட்டினேன், வந்தது. பார்த்தார்கள். எழுதிக்கொண்டேன். பட்டியலைக் கொஞ்சம் கீழே இறக்கி 190-ஐத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினேன். வரவில்லை.

"அலாமா, உங்க மெஷினுக்கு நாங்க வந்தது பிடிக்கல போல" என்றார் அந்த அம்மா. மகனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார்கள்.

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 190 வரவில்லை. வராததை எழுத முடியாது. எழுதாமல் புத்தகத்தை மூடினேன்.

மூடிய கை அப்படியே நின்றது.

பெரிய ஜன்னலைப் பிடித்து இழுத்தேன். அடியில், கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டு, 190.

மாரி அந்த ஜன்னலை ஒளித்து வைக்கவில்லை. ஒளித்தது நான். நான் எழுதிய பக்கம்.

பின்னறைக்கு ஓடி, அங்கே இருந்த கணினியில் அதே இரண்டு எண்களை அதே வரிசையில் தட்டினேன். இரண்டாவது எண்ணைத் தட்டியதும் சின்ன ஜன்னல் ஒழுங்காக முன்னால் வந்தது. முன்னறைக்கு வந்து தட்டினேன். படம் மாறியது, ஆனால் சின்ன ஜன்னல் பெரியதுக்கு அடியிலேயே கிடந்தது. ஒரே பக்கம், ஒரே எழுத்து. பழைய பிரவுசர் ஒரு விதம், புதிய பிரவுசர் வேறு விதம். நான் நூறு முறை தட்டிப் பார்த்தது பழையதில் மட்டும்தான்.

பக்கத்தை ஒரு ஃப்ளாப்பித் தட்டில் ஏற்றிக்கொண்டு கொம்தாருக்குப் போனேன். லிம் மலாயில் பேசுவார். "அதை முன்னால் வரச் சொல்லி நீ சொல்லவே இல்லையே? பழையது தானாக வரும். புதியது நீ கூப்பிட்டால்தான் வரும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

அந்த வரியைச் சேர்த்தேன். முன்னறையில் சரியானது. பின்னறைப் பழைய பிரவுசரில் பிழை என்று ஒரு கட்டம் வந்து எல்லாம் நின்றது. அதற்கு அந்தக் கட்டளையே தெரியாதாம். மறுபடி கொம்தார். லிம் சிரித்தார். "இந்தக் கட்டளை தெரியுமா என்று பிரவுசரிடம் முதலில் கேள். தெரியும் என்றால் மட்டும் சொல். கேட்காமல் சொன்னால் இப்படித்தான்."

அவர் ஜன்னலைப் பற்றித்தான் சொன்னார். நான் மாரியை நினைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன்.

பூப்படங்கள்

ஐயாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அப்ப நான் ஒரு பிழையில்லாத பெடியனை அனுப்பிப் போட்டன்."

"நாந்தாங்கையா சொன்னேன்."

"நீர் சொன்னீர். நான் அனுப்பினன்."

அன்றே சுப்பையாவுக்குப் போன் போட்டார். ஆனால் சந்தேகத்தில் சுப்பையா என்னைப் போன்றவர். போனை வைத்ததும் ஐயா சொன்னார்: "அந்த மனுசன் நம்புறாரில்லை. பெடியன் வந்து அழுதிருப்பான், நான் இரங்கி மாத்திச் சொல்லுறன் எண்டு நினைக்கிறார். நீர் போம். கண்ணால பாத்தா நம்புவார்."

பெண்களின் படங்களை வெளியே எடுத்துப் போக முடியாது. அதனால் பழைய பக்கத்தை, தவறோடு அப்படியே, ஒரு தட்டில் ஏற்றி, படங்களுக்குப் பதில் ரோஜா, தாமரை, செம்பருத்தி என்று மூன்று பூவை வைத்தேன். ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் மாறி, செபராங் ஜெயாவில் கடைவரிசையில் இருந்த ஓர் இன்டர்நெட் கடைக்குப் போனேன். சுப்பையா முன்பே வந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் கலா, பிறை ஊரில் வேலை செய்யும் தொழிற்சாலையின் சீருடையிலேயே.

நான் விளக்க ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு தம்பி. கோயில்லயா நிக்கிற?"

"இப்ப ரோஜாவ தட்டறேங்க. வருது. இப்ப தாமரைய தட்டறேன். வராது பாருங்க."

தட்டினேன். தாமரை முன்னால் வந்து நின்றது.

"வந்திருச்சே" என்றார் சுப்பையா.

செம்பருத்தியைத் தட்டினேன். அதுவும் வந்தது. அந்தக் கணினியில் இருந்தது பழைய பிரவுசர்.

"ஏன் தம்பி, பூ காட்டத்தான் என்னை லீவு போட வச்சியா?"

கடைப் பெண்ணிடம் மலாயில் கெஞ்சி, புதிய பிரவுசர் இருந்த பக்கத்துக் கணினிக்கு மாறினேன். ரோஜா வந்தது. தாமரையைத் தட்டினேன். வரவில்லை. பெரிய ஜன்னலை இழுத்தேன். அடியில் தாமரை.

சுப்பையா இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுல வருது. ஒண்ணுல வரல. இதுல எது நெசம்?"

"ரெண்டும் நெசந்தாங்க."

"அது எப்படி? இத எழுதினவன் நீ. அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி நீயே எழுதிக்கிட்டு வந்திருக்கலாம்லா?"

"ஒரே தட்டுதாங்க. உங்க முன்னாலதான் மாத்திப் போட்டேன்."

"சரி, இருக்கட்டும். மெஷின் ஒளிச்சு வைக்குது. அதனால அவன் தனியா படத்த பாக்கலன்னு ஆயிடுமா?"

அவர் கேட்டது சரி. நான் கொண்டுபோன தட்டு, ஜன்னல் தானாக ஒளியும் என்பதைத்தான் காட்டும். மாரியின் மனத்தைக் காட்டாது. உண்மையைச் சொல்லிவிட்டேன்: "அது எனக்குத் தெரியாதுங்க. அவன் பாத்தான்னு நான் சொன்னப்பவும் எனக்குத் தெரியாது."

சுப்பையா எழுந்தார். "தெரியாம சொல்றதுக்கு ஒரு ஆளு. தெரியாம வந்து இல்லங்கறதுக்கும் அதே ஆளு."

கலா என்னைப் பார்த்துக் கேட்டாள். "அங்கிள், அவர்கிட்ட நீங்க கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"உங்க முதலாளி?"

"கேட்டாரு. ஆனா..." படம் திரையில் இருக்க, நான் பக்கத்தில் நிற்க, ஐயா கேட்டதைக் கேட்டதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரியா கேக்கலம்மா."

"அப்பா, நீங்க?"

சுப்பையா வாசலைப் பார்த்தார். "நான் எதுக்குக் கேக்கணும்? அதான் முதலாளியே சொல்லிட்டாரே."

"நானும் கேக்கல" என்றாள் கலா. "அவர் போன் பண்ணினப்போ எடுக்கவே இல்ல."

அவள் கைப்பையில் சில்லறை தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கடைவரிசை முனையில் பொதுத் தொலைபேசி இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் பேசினாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு முறை காசு போட்டாள். லாரி ஒன்று போனபோது மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நானும் சுப்பையாவும் இரண்டு கணினிகளுக்கு நடுவில் நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவள் திரும்பி வந்து, "போலாம்ப்பா" என்றாள். முகத்திலிருந்து என்னால் எதுவும் படிக்க முடியவில்லை. "என்னா சொன்னான்?" என்றார் சுப்பையா. "வீட்ல சொல்றேன்" என்றாள். என்னிடம் தலையை மட்டும் அசைத்தாள்.

அதற்குப் பிறகு

கல்யாணம் நடந்தது. தள்ளிப்போன முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் கழித்து, பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயிலில். ஐயா மாரியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. ஆனால் அவருக்குப் பத்திரிகை அனுப்பினான். அவர் போய் வந்து, சாப்பாடு நன்றாக இருந்தது என்றார். எனக்குப் பத்திரிகை இல்லை. ஐயா அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் போனில் அவள் என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில நாள் ஒரு கெட்ட எண்ணம் வரும்: ஒருவேளை 214-ஐ இரண்டாம் தடவை அவன் வேண்டுமென்றே பார்த்திருந்தால்? காலையில் வந்த அந்த அம்மா கேட்டது அதே எண்ணாகத்தான் இருந்திருக்கும் என்று புரிந்தும் வரும். என் மனம் அப்படி. அதை இனி மாற்றி எழுத முடியாது. அது வரும்போது யாரிடமும் சொல்லாமல் இருக்க மட்டும் பழகியிருக்கிறேன்.

இந்தப் பகுதியில் எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்த வார இதழ் அவன் வீட்டுக்கும் போகிறது என்று கேள்விப்பட்டேன். படித்தால் அவனுக்குத் தெரியும்.

மாரி, உன்னிடம் ஒரு சொல் கேட்காமல் உன்னைப் பற்றி நாற்பது சொல் சொன்னேன். தவறு என் பக்கத்தில் இருந்தது. நேரில் வந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுதி முடித்தது: தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மத்தியானம்.